நம்ம காலேஜ ரீசனர் யூனிவர்சிட்டி ஆக்கிடுச்சு, எங்க தப்புன்னு சொல்லுங்க

கோடுகிறுக்கன் | திங்கள், இரவு 11:38

மக்களே, ரெண்டு நாளா தூக்கம் இல்ல, ஆன்டாலஜி (எது என்ன வகை, எதுக்கும் எதுக்கும் என்ன தொடர்புன்னு கம்ப்யூட்டருக்கு புரியுற மாதிரி எழுதி வைக்கிறது) தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கொஞ்சம் கை குடுங்க.

நான் ஒரு பிரைவேட் இன்ஜினியரிங் காலேஜ்ல சிஎஸ்இ டிபார்ட்மெண்ட்ல அசிஸ்டன்ட் ப்ரொஃபசர், எந்த காலேஜ்னு கேக்காதீங்க. இன்ஸ்பெக்‌ஷன்னு ஒன்னு வந்தா போதும், ஒரே தகவல பத்து பேரு பத்து எக்ஸெல்ல நிரப்பி, ஒரு ஷீட்ல ஃபேகல்ட்டி 84, இன்னொன்னுல 79, மூணாவதுல 91னு வந்து நிக்கும். எதுங்க சரின்னு கேட்டா மூணுமே சரிதான்ம்பாங்க. மேனேஜ்மெண்ட்ல கூப்ட்டு "எல்லாம் ஒரே எடத்துல இருக்கணும், கேள்வி கேட்டா பதில் சொல்லணும், ஏஐ மாதிரி"ன்னாங்க. எம்இ படிக்கிறப்ப செமன்டிக் வெப் எலெக்டிவ் எடுத்துருந்தேன், அந்த தைரியத்துல தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

மொதல்ல இருந்து எழுத சோம்பேறித்தனப்பட்டு, அமெரிக்கால லீஹை யூனிவர்சிட்டி ஆளுங்க பண்ணி வச்ச யூனிவ்-பெஞ்ச் ஆன்டாலஜிய எடுத்துக்கிட்டேன். 43 கிளாஸ் (வகை), 32 ப்ராப்பர்ட்டி (தொடர்பு), கைக்கு அடக்கமா இருக்கு, ப்ரொஃபசர், லெக்சரர், டிபார்ட்மெண்ட், கோர்ஸ் எல்லாம் ரெடியா இருக்கு. அதுல ஸ்டாஃப் லிஸ்ட்டையும் ஃபைனல் இயர் பசங்களையும் மட்டும் ஏத்தி ப்ரொட்டேஜேங்கிற ஆன்டாலஜி எடிட்டர்ல ஹெர்மிட் ரீசனர (எழுதுனதுலேருந்து புது முடிவு எடுக்குற ப்ரோக்ராம்) ஓட விட்டேன்.

நம்ம காலேஜ் யூனிவர்சிட்டியாம்! எங்களது மட்டும் இல்ல, ஸ்டாஃப் யாரு யாரு எங்கெங்க யுஜி படிச்சாங்களோ அந்த காலேஜ் அத்தனையும் யூனிவர்சிட்டி. யுஜிசி பாத்தா அழுதுரும்.

ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில இருந்து பசங்களுக்கு எக்ஸ்டர்னல் கைடா வர்றவர அட்வைசர்னு போட்டேன், அவரு ப்ரொஃபசர் ஆயிட்டாரு. நான் பிஹெச்டிக்கு ஆறு வருஷமா நாயா அலையுறேன்.

மூணாவதுதான் கொடும. ஹெச்ஓடின்னு நானா ஒரு ப்ராப்பர்ட்டி சேத்து, டிபார்ட்மெண்டுக்கு ஒருத்தர்தான்னு ஃபங்ஷனல் டிக் பண்ணேன். மெக்கானிக்கல்ல போன வருஷம் ரிட்டயர் ஆன சாரோட பேரும் இப்ப இருக்குற மேடம் பேரும் ரெண்டுமே ஷீட்ல இருந்துருக்கு. செவப்புல எரர் வரும்னு பாத்தா, ரெண்டு பேரும் ஒரே ஆளுங்குது. மேடத்துக்கு தெரிஞ்சா என் கதி என்ன?

எங்கயும் ஒரு எரர் கூட வரல, அதான் பயமா இருக்கு.

ட்ரிபிள்தங்கமணி | செவ்வாய், காலை 6:15

பக் எதுவும் இல்ல ப்ரோ. நீங்க சொன்னத ரீசனர் அப்படியே நம்பிருக்கு, அவ்ளோதான்.

டேட்டாபேஸ் பழகினவங்க எல்லாரும் மொத வாரம் விழுற குழி இது. டொமைன் (ப்ராப்பர்ட்டி எந்த வகைலேருந்து கெளம்புது), ரேஞ்ச் (எந்த வகைல போய் முடியுது), இதெல்லாம் கேட்டுல நிக்கிற வாட்ச்மேன், ஐடி கார்டு இல்லாதவன திருப்பி அனுப்பிருவான்னு நெனச்சுக்குறோம். அப்படி இல்ல, அவங்க கல்யாண மண்டப வாசல்ல பன்னீர் தெளிக்கிறவங்க. உள்ள காலெடுத்து வச்சா நீங்க சொந்தக்காரங்கதான், யாரு என்னன்னு கேக்க மாட்டாங்க. யூனிவ்-பெஞ்ச்ல டிகிரி-ஃப்ரம்ங்கிற ப்ராப்பர்ட்டிக்கு ரேஞ்ச் யூனிவர்சிட்டி. நீங்க அந்த எடத்துல காலேஜ் பேர போட்டீங்க. அப்ப அது யூனிவர்சிட்டியாத்தான இருக்கணும்னு முடிவு பண்ணிருச்சு. அட்வைசருக்கு ரேஞ்ச் ப்ரொஃபசர், அதனால கம்பெனிக்காரருக்கு ப்ரொமோஷன். டீச்சர்-ஆஃப்க்கு டொமைன் ஃபேகல்ட்டி, பிடி மாஸ்டர் ஒரு யோகா கோர்ஸ் எடுக்குறார்னு போட்டுப் பாருங்க, அவரும் ஃபேகல்ட்டி ஆயிருவாரு.

காலேஜும் யூனிவர்சிட்டியும் ஒன்னா இருக்க முடியாதேன்னு அதுக்கு ஏன் தெரியலன்னா, நீங்க அத எங்கயும் சொல்லவே இல்ல. யூனிவ்-பெஞ்ச் ஓடபிள்யூஎல் (ஆன்டாலஜி எழுதுற பாஷை) லைட்ங்கிற சின்ன வடிவத்துல எழுதுனது, அந்த லைட்ல டிஸ்ஜாய்ன்ட்னு (ஒன்னே ரெண்டு வகையாவும் இருக்க முடியாதுன்னு) சொல்லவே வழி கெடையாது. ஓடபிள்யூஎல் 2-ல நீங்களா ரெண்டையும் டிஸ்ஜாய்ன்ட்னு சேத்தீங்கன்னா அப்ப ஹெர்மிட் கத்தும்.

ஹெச்ஓடி கதையும் இதேதான். பேரு வேறன்னா ஆளும் வேறன்னு ஓடபிள்யூஎல் எடுத்துக்காது. வெப்புக்காக பண்ணது, ஒரே ஆள நாலு சைட் நாலு பேர்ல கூப்புடும். உங்க ஸ்டாஃப் ஷீட்லயே ஒரு எடத்துல இனிஷியல் முன்னாடியும் இன்னொரு எடத்துல பின்னாடியும் இருக்கும்ல, அந்த நெலமைக்கு இது உதவி. ஒருத்தர்தான்னு சொல்லிட்டு ரெண்டு பேர் குடுத்தா, ஓஹோ ரெண்டும் ஒரே ஆளோட பேர் போலன்னு சேத்துரும். வேற வேற ஆளுன்னு நீங்க தனியா எழுதணும்.

கோடுகிறுக்கன் | செவ்வாய், காலை 8:02

பன்னீர் தெளிக்கிறவங்க 😂 இத எங்க எம்இ மேடம் இப்படி சொல்லிருந்தா நான் இன்னிக்கு இங்க வந்து நிக்க மாட்டேன்.

டேபிள்தாத்தா | செவ்வாய், காலை 10:47

தம்பி கோவிச்சுக்காத. முப்பது வருஷமா டேட்டாபேஸ் வேல பாக்குறேன். மூவாயிரம் பசங்க, நூறு ஸ்டாஃப், இதுக்கு எதுக்குப்பா ரீசனர், ஓடபிள்யூஎல்னு ஆந்தை பேர் வச்ச பாஷை எல்லாம்? போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல பன்னெண்டு டேபிள், நாலு வியூ (சேமிச்சு வச்ச கேள்வி), காலேஜ் ஐடிக்கு ஒரு ஃபாரின் கீ. யூனிவர்சிட்டி டேபிள்ல இல்லாத பேர குடுத்தா அப்பவே மூஞ்சில அடிச்ச மாதிரி எரர் வரும். தப்பான டேட்டாவ குடுத்தா தப்புன்னு சொல்ற சிஸ்டம்தான் ஆபீஸுக்கு வேணும், தப்ப நம்பி அதுலேருந்து இன்னும் நாலு தப்ப கண்டுபுடிச்சு குடுக்குறது எதுக்கு?

ட்ரிபிள்தங்கமணி | செவ்வாய், பகல் 1:20

பாதி ஒத்துக்குறேன் தாத்தா. சரிபாக்குற வேலைக்கு ஓடபிள்யூஎல் ஆள் இல்ல, அதுக்குன்னே ஷேக்கிள்னு தனியா ஒன்னு 2017-ல டபிள்யூ3சி (வெப்புக்கு விதி வகுக்குற அமைப்பு) ரெகமண்டேஷனா வந்துருச்சு. ரிஜிஸ்டர் நம்பர் ஒன்னே ஒன்னுதான், 12 இலக்கம், டிகிரி குடுத்தது யூனிவர்சிட்டின்னு ஏற்கனவே பதிவானதாத்தான் இருக்கணும்னு அதுல எழுதுனா நீங்க சொல்ற மூஞ்சில அடி கெடைக்கும். ஆனா ஷேக்கிள மொதல்ல ஓட்டணும், ரீசனர் முடிவுகள கலக்குறதுக்கு முன்னாடி. இல்லன்னா ரீசனர் எல்லாத்தையும் யூனிவர்சிட்டி ஆக்கி வச்சதுக்கு அப்புறம் செக் பண்ணா எல்லாம் பாஸ்.

மீதி பாதிக்கு வர்றேன். லீஹை ஆளுங்க எதுக்கு இத பண்ணாங்கன்னு தெரிஞ்சா உங்க கேள்விக்கும் பதில் இருக்கு. குவோ, பான், ஹெஃப்லின் மூணு பேரும் 2005-ல போட்ட பேப்பர் அது. காலேஜ் நிர்வாகம் பண்றதுக்கு இல்ல, ட்ரிபிள் ஸ்டோருங்கள (ட்ரிபிள்னா "இவர், படிச்சது, அங்க"ன்னு மூணு துண்டா ஒரு தகவல், அத சேமிக்கிற டேட்டாபேஸ்) ஓட்டப்பந்தயத்துல விட்டு பாக்குறதுக்கு. பொய் டேட்டா உருவாக்குற ஒரு ஜெனரேட்டர், 14 கேள்வி, அதுக்கு ஒரு சின்ன ஆன்டாலஜி, இதத்தான் எல்யுபிஎம்ங்குறாங்க. ஒரு யூனிவர்சிட்டி சைஸ்ல 15 டிபார்ட்மெண்ட், ஒரு லட்சத்துக்கு கொஞ்சம் மேல ட்ரிபிள் வரும். பேப்பர்ல 50 யூனிவர்சிட்டி வரைக்கும் போனாங்க, அது சுமார் 69 லட்சம்.

அந்த 14-ல ஆறாவது கேள்விதான் எனக்கு புடிச்சது. கேள்வி ஒரே வரி: எல்லா ஸ்டூடண்டையும் குடு. நேரா ஸ்டூடண்ட்னு எழுதுன ஆள் டேட்டால ஒருத்தர் கூட கெடையாது. ஒரு யூனிவர்சிட்டி சைஸ்ல யுஜி பசங்க 5,916, அவங்க சப்கிளாஸ்னால (ஸ்டூடண்டுக்கு கீழ உள்ள உள்வகைங்கிறதால) வந்துருவாங்க. ஆனா பிஜி பசங்க 1,874 பேர் ஸ்டூடண்டுக்கு கீழ எழுதப்படல, பெர்சனுக்கு கீழதான் இருக்காங்க. யாரு கோர்ஸ் எடுக்குறாங்களோ அவங்க ஸ்டூடண்ட்னு டெஃபனிஷன் இருக்கு, அத புடிச்சு ரீசனர் கொண்டு வரணும். கொண்டு வந்தா 7,790. சப்கிளாஸ் மட்டும் பாக்குற சிஸ்டம் 5,916-ல நின்னுரும். பன்னெண்டாவது கேள்வில "சேர்"னு (நம்ம ஹெச்ஓடி மாதிரி) யாரையும் எழுதிருக்க மாட்டாங்க, டிபார்ட்மெண்ட தலைமை தாங்குற ஆள் சேர்னு டெஃபனிஷன் மட்டும், 15 டிபார்ட்மெண்ட்டுக்கு 15 பேர் வரணும்.

தாத்தா, இதையே வியூல எழுதலாம்தான், நான் இல்லங்கல. ஆனா அந்த டெஃபனிஷன் நாலு வியூக்குள்ள நாலு விதமா ஒளிஞ்சு கெடக்கும், கோடுகிறுக்கன் காலேஜ்ல 84, 79, 91 வந்துச்சே அப்படி.

டேபிள்தாத்தா | செவ்வாய், பகல் 2:05

பாயிண்ட். நாலு வியூ நாலு விதமா இருந்து நானே மாட்டிருக்கேன், பேங்க் ப்ராஜெக்ட்ல "ஆக்டிவ் கஸ்டமர்"னா யாருன்னு.

எக்ஸாம்செல்மாமா | செவ்வாய், இரவு 9:30

தம்பிகளா, எனக்கு இந்த ட்ரிபிளு, ரீசனரு எதுவும் தெரியாது. ஒரு காலேஜ்ல எக்ஸாம் செல்ல 19 வருஷமா க்ளெர்க். "யாரு கோர்ஸ் எடுக்குறாங்களோ அவங்க ஸ்டூடண்ட்"னு அந்தம்மா எழுதுனத படிச்சுட்டு சிரிப்பு வந்துருச்சு, அதான் எழுதுறேன்.

நாலு வருஷம் முடிச்சுட்டு போயிட்டான், ரெண்டு அரியர் இருக்கு. நவம்பர்-டிசம்பர்ல வருவான், எனக்கு ஃபீஸ் கட்டுவான், நான் ஹால் டிக்கெட் குடுப்பேன். எனக்கு அவன் ஸ்டூடண்ட். லைப்ரரிக்கு போனா கார்டு கேன்சல், உள்ள விட மாட்டாங்க. பஸ்ல ஏறுனா டிரைவர் எறக்கி விட்டுருவாரு. அக்கவுண்ட்ஸ்ல கேட்டா "நோ டியூ வாங்கிட்டானா? வாங்கிட்டா நம்ம ஆள் இல்ல"ம்பாங்க. அவன் கிளாஸுக்கு வர்றதில்ல, பரீட்ச மட்டும் எழுதுறான். இவன் கோர்ஸ் எடுக்குறானா இல்லையா?

லேட்டரல் என்ட்ரி பசங்க இருக்காங்க, டிப்ளமோ முடிச்சுட்டு நேரா செகண்ட் இயர். ஃபர்ஸ்ட் இயர் பேப்பர் எதுவும் அவங்களுக்கு இல்ல. ஒரு தடவ புது சாஃப்ட்வேர்காரன் வந்தான், அவன் சிஸ்டத்துல லேட்டரல் பசங்க எல்லாருக்கும் ஃபர்ஸ்ட் இயர் ஃபுல்லா அரியர்னு காட்டுச்சு. ஒரு பையனோட அப்பா ஊர்ல இருந்து பஸ் புடிச்சு வந்து கவுன்டர் முன்னாடி நின்னு "பன்னெண்டு பேப்பரா சார்"னு கேட்டாரு, மனுஷனுக்கு கை நடுங்குது. ஒரு பேப்பர் கூட இல்லன்னு சொல்லி தண்ணி குடுத்து அனுப்புனேன்.

அட்டெண்டன்ஸ் கொறஞ்சு அந்த செமஸ்டர திரும்ப படிக்கிறவன், பழைய ரெகுலேஷன்ல சேந்து புது ரெகுலேஷன்ல ஒக்காந்துருக்குறவன், இவங்க கணக்கெல்லாம் தனி. நீங்க மொதல்ல எங்க கவுன்டர்ல ஒரு வாரம் வந்து ஒக்காருங்க.

ட்ரிபிள்தங்கமணி | செவ்வாய், இரவு 10:10

சார், இந்த இழைலயே உருப்படியான போஸ்ட் இதுதான், நெசமா சொல்றேன்.

கோடுகிறுக்கன், இத நோட் பண்ணுங்க. ஸ்டூடண்ட்ங்கிறத ஆளு மேல ஒட்டுற லேபிளா வைக்காதீங்க. ஆளு ஆளாவே இருக்கட்டும். அவரோட சேர்க்கை ஒரு தனிப் பொருள்: எந்த ப்ரோக்ராம், எந்த ரெகுலேஷன், எந்த செமஸ்டர்ல நொழஞ்சாரு, எப்ப முடிஞ்சுது. பரீட்சைக்கு பதிஞ்சது இன்னொரு பொருள். லைப்ரரி உரிமை இன்னொன்னு. அப்புறம் "முடியாத சேர்க்கை உள்ள ஆள்" ஒரு கிளாஸ், "இந்த பரீட்சைக்கு பதிஞ்ச ஆள்" வேற கிளாஸ். மாமாவோட அரியர் பையன் ரெண்டாவதுல இருப்பான், மொதல்ல இருக்க மாட்டான், சண்ட முடிஞ்சுது.

வடமராட்சியான் | புதன், காலை 7:50

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். நாங்களும் ரெண்டு வருசத்துக்கு முன்னம் இதே யூனிவ்-பெஞ்ச எடுத்து கையச் சுட்டுக்கொண்ட ஆக்கள்.

எங்கட பக்கம் ஃபேகல்ட்டி எண்டா ஆள் இல்ல, பீடம். விஞ்ஞான பீடம், கலைப் பீடம், மருத்துவ பீடம். பல்கலைக்கழகத்துக்கு கீழ பீடம், பீடத்துக்கு கீழ துறை. அமெரிக்காக்காரனுக்கு ஃபேகல்ட்டி எண்டா படிப்பிக்கிற ஆக்கள். நாங்கள் பேர் பொருந்துது எண்டு அப்பிடியே ஏத்திப் போட்டம். அந்த ஆன்டாலஜியில ஃபேகல்ட்டி எண்டா எம்ப்ளாயி, எம்ப்ளாயி எண்டா பெர்சன். ரீசனர் சொல்லுது, விஞ்ஞான பீடம் ஒரு மனுசன், எங்கயோ வேலை செய்யிறார் எண்டு. பீடாதிபதிக்கு காட்டினம், அவர் சிரிச்சுப்போட்டு "அவருக்கு சம்பளம் ஆர் குடுக்கிறது?" எண்டு கேட்டார். சிரேஷ்ட விரிவுரையாளருக்கு அங்க இடமே இல்ல, லெக்சரர் மட்டும்தான் இருக்கு.

பகிடியை விடுவம், இன்னொரு சிக்கல் சொல்லுறன். 1972 தொடக்கம் 1978 வரைக்கும் நாடு முழுக்க ஒரே பல்கலைக்கழகம்தான், இலங்கைப் பல்கலைக்கழகம், பேராதனை கொழும்பு எல்லாம் அதின்ட வளாகங்கள். யாழ்ப்பாணமும் 1974-ல ஒரு வளாகமாத்தான் தொடங்கினது. 1978 சட்டத்துக்குப் பிறகுதான் ஒவ்வொண்டும் தனித்தனி பல்கலைக்கழகம். அப்ப 1976-ல பேராதனையில பட்டம் எடுத்த ஒருத்தருக்கு டிகிரி-ஃப்ரம் என்ன? இப்ப இல்லாத ஒரு பல்கலைக்கழகம். அண்மையில எங்களுக்கும் நடந்தது, வவுனியா எங்கட வளாகமா இருந்தது, 2021-ல தனிப் பல்கலைக்கழகம் ஆகிட்டுது. சப்-ஆர்கனைசேஷன்-ஆஃப் (அதுக்கு கீழ உள்ள பிரிவு) எண்டு ஒரு கோடு மட்டும் கீறி வச்சிருந்தா அண்டைக்கு அழிக்க வேணும், அழிச்சா 2019 கணக்கு பிழைக்கும்.

செமஸ்டர்சிங்கம் | புதன், காலை 9:12

அட இது எங்க கதையும்தான். நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல 2007-ல சேந்து 2011-ல முடிச்சேன். 2001-க்கு முன்னாடி எங்க காலேஜ்ல படிச்ச சீனியருக்கு டிகிரி பாரதியார் யூனிவர்சிட்டி. அப்புறம் இன்ஜினியரிங் காலேஜ் எல்லாத்தையும் அண்ணா யூனிவர்சிட்டி கீழ கொண்டாந்தாங்க. 2007-ல அண்ணா யூனிவர்சிட்டியவே பிரிச்சாங்க, நாங்க கோயம்புத்தூர் அண்ணா. 2012-ல திரும்ப எல்லாத்தையும் ஒன்னா சேத்துட்டாங்க. அதே பில்டிங், அதே கேன்டீன் பஜ்ஜி, ஆனா எந்த வருஷம் படிச்சோம்ங்கிறத வச்சு யூனிவர்சிட்டி பேர் மாறுது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல எல்லா கம்பெனியும் எங்கிட்ட கேக்கும், "இந்த யூனிவர்சிட்டி லிஸ்ட்ல இல்லையே"னு. ஒவ்வொரு தடவையும் ஒரு வரலாற்றுப் பாடம் எடுக்க வேண்டியிருக்கு.

கோடுகிறுக்கன் | புதன், பகல் 12:40

அய்யோ, இதுல நான் இன்னொரு கூத்தும் பண்ணி வச்சுருக்கேன். அஃபிலியேஷனுக்கு யூனிவ்-பெஞ்ச்ல எதுவும் இல்லன்னு காலேஜ் சப்-ஆர்கனைசேஷன்-ஆஃப் யூனிவர்சிட்டின்னு போட்டுட்டேன். அது ட்ரான்சிட்டிவ்.

ட்ரிபிள்தங்கமணி | புதன், பகல் 1:15

போச்சு. எல்யுபிஎம் பதினொன்னாவது கேள்வி அந்த ட்ரான்சிட்டிவ நம்பித்தான் இருக்கு, ரிசர்ச் குரூப் டிபார்ட்மெண்டுக்கு கீழ, டிபார்ட்மெண்ட் யூனிவர்சிட்டிக்கு கீழ, அதனால 224 குரூப்பும் யூனிவர்சிட்டிக்கு கீழ. அங்க அது சரி, ஏன்னா அங்க எல்லாம் ஒரே நிர்வாகம், ஒரே சம்பளம். உங்களுக்கு அது சரி வராது. உங்க காலேஜ் ரோபோட்டிக்ஸ் கிளப்பும் யூனிவர்சிட்டியோட யூனிட் ஆயிரும், யூனிவர்சிட்டிக்கு கீழ எத்தன டிபார்ட்மெண்ட்னு கேட்டா கிண்டி கேம்பஸ் டிபார்ட்மெண்டோட உங்க மெக்கானிக்கலும் வரிசைல நிக்கும். அஃபிலியேஷன்ங்கிறது சிலபஸ், பரீட்ச, டிகிரி இதுக்கான ஒப்பந்தம், சொந்தம் இல்ல. அட்டானமஸ் ஆயிட்டா அதுலயும் சிலபஸும் பரீட்சையும் காலேஜ் கைக்கு வந்துரும், டிகிரி மட்டும் யூனிவர்சிட்டி குடுக்கும்.

சென்னைல மாநிலக் கல்லூரிய யோசிச்சு பாருங்க, காலேஜ் ஆரம்பிச்சது 1840, மெட்ராஸ் யூனிவர்சிட்டி வந்தது 1857. பிள்ள பொறந்து பதினேழு வருஷம் கழிச்சு அப்பா பொறந்துருக்காரு. இத சப்-ஆர்கனைசேஷன்னு எப்படி சொல்லுவீங்க?

அதனால அஃபிலியேஷன ஒரு கிளாஸாவே வைங்க: காலேஜ், யூனிவர்சிட்டி, எப்பலேருந்து, எது வரைக்கும். வவுனியாவும் கோயம்புத்தூரும் அதுலயே அடங்கிரும். ஹெச்ஓடியும் அதே மாதிரி ஒரு பதவிக்காலம், உங்க மேடமும் ரிட்டயர் ஆன சாரும் ரெண்டு ஆளாவே இருப்பாங்க. ஒன்னு மட்டும் பண்ணாதீங்க, கோயம்புத்தூர் அண்ணாவையும் இப்ப இருக்குற அண்ணாவையும் சேம்-ஆஸ்னு (ரெண்டும் ஒன்னேதான்னு) போட்டு ஒட்டிராதீங்க. சேம்-ஆஸ் போட்டா ஒன்னோட எல்லா தகவலும் இன்னொன்னுக்கும் போயிரும், ஆரம்பிச்ச வருஷம் 1978, 2007 ரெண்டும் வந்து நிக்கும். இதுக்கு பின்னாடி அது வந்துச்சுன்னு ஒரு தனி ப்ராப்பர்ட்டி போதும்.

ஃபைனல்இயர்புலி | புதன், மாலை 4:30

அண்ணா இத எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டா எடுக்கலாமா?? ரிவ்யூ அடுத்த வாரம்

டேபிள்தாத்தா | புதன், மாலை 4:34

அடுத்த வாரமா? வேற ஏதாவது பாருப்பா.

ப்ளேஸ்மெண்ட்பாவம் | புதன், இரவு 8:20

எல்லாரும் தத்துவம் பேசிட்டீங்க, என் பிரச்சினைய கேளுங்க. நான் வேற காலேஜ்ல ப்ளேஸ்மெண்ட் பாக்குறேன், நானும் ஒரு ஆன்டாலஜி வச்சுருக்கேன். கம்பெனிக்காரன் கேக்குறது ஒன்னே ஒன்னு: ஸ்டாண்டிங் அரியர் இல்லாத பசங்க லிஸ்ட். "எடுத்த எல்லா கோர்ஸும் பாஸ் ஆன ஸ்டூடண்ட்"னு கிளாஸ் எழுதி ரீசனர ஓட்டுனா பூஜ்யம். கோல்டு மெடல் வாங்குற பொண்ணு கூட இல்ல.

ட்ரிபிள்தங்கமணி | புதன், இரவு 9:05

ஓப்பன் வேர்ல்ட். அந்த பொண்ணு எடுத்த கோர்ஸ் 42 எழுதிருக்கீங்க, 42-லயும் பாஸ். ஆனா நீங்க எழுதாத 43-வது ஒன்னு இருக்கலாம்ல, அதுல ஃபெயில் ஆயிருக்கலாம்லன்னு ரீசனர் நெனைக்குது. எழுதலைங்கிறதுக்காக இல்லன்னு முடிவுக்கு வராது. ஸ்பார்க்கிள்ல (ட்ரிபிள் டேட்டாகிட்ட கேள்வி கேக்குற பாஷை) நாட் எக்ஸிஸ்ட்ஸ் போட்டு, ஃபெயில்னு ஒரு ரிசல்ட் இல்லாத ஸ்டூடண்டுன்னு கேளுங்க, லிஸ்ட் வந்துரும்.

டேபிள்தாத்தா | புதன், இரவு 9:20

பாத்தியா, கடைசில எங்க வழிக்குத்தான வந்த. அத எஸ்க்யூஎல்லயே மொத நாளே எழுதிருக்கலாம்.

எக்ஸாம்செல்மாமா | புதன், இரவு 9:48

நடுவுல வர்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. "ஃபெயில்னு இல்லாதவன் எல்லாம் பாஸ்"னு எடுக்கப் போறீங்களா? வித்ஹெல்ட்ல இருக்குற ரிசல்ட்ட என்ன பண்ணுவீங்க? எங்க காலேஜ்ல ஒரு தடவ ஒரு பேப்பருக்கு இன்டர்னல் மார்க் ஏத்தாம விட்டுட்டாங்க, ஒரு செக்‌ஷனுக்கே ரிசல்ட் வரல. அப்ப ப்ளேஸ்மெண்ட்ல இதே மாதிரி லிஸ்ட் எடுத்து, மூணு பேர் செலக்ட் ஆகி, அப்புறம் ரிசல்ட் வந்தப்ப அதுல ஒருத்தன் ஃபெயிலு. கம்பெனி அந்த பையன் ஆஃபர திருப்பி வாங்கிக்கிச்சு. பையன் மேல ஒரு தப்பும் இல்ல, யாரும் அவன கேக்கவே இல்ல.

டேபிள்தாத்தா | புதன், இரவு 10:02

ம். சரி, அந்த ரீசனர் பூஜ்யம்னு சொன்னதுல ஒரு நியாயம் இருந்துருக்கு.

ட்ரிபிள்தங்கமணி | புதன், இரவு 10:25

ரெண்டையும் சேக்கணும் தாத்தா. கரிகுலத்துல இந்த பையனுக்கு இது வரைக்கும் வர வேண்டிய கோர்ஸ் எத்தன, அத்தனைக்கும் ஏதோ ஒரு ரிசல்ட் இருக்கான்னு மொதல்ல ஷேக்கிள்ல செக். லேட்டரல்னா கணக்கு வேற, அது சேர்க்கைல இருந்து வரும். அதுல தேறுனவங்களுக்கு மட்டும் நாட் எக்ஸிஸ்ட்ஸ். தேறாதவங்க "தெரியல"ன்னு மூணாவது லிஸ்ட்ல போகணும், மாமாகிட்ட ப்ரிண்ட் எடுத்து குடுக்கணும்.

வேகத்துக்கு ஒரு வார்த்தை: முழு டேட்டாவையும் ஹெர்மிட்ல போட்டு லேப்டாப்ப சாகடிக்காதீங்க. ஹெர்மிட் கிளாஸ் லெவல்ல முரண்பாடு இருக்கான்னு பாக்க. டேட்டாவுக்கு ஓடபிள்யூஎல் 2 ஆர்எல்ங்கிற சுருக்க வடிவம் புரிஞ்ச ஸ்டோர் போதும். ஒரு வித்தியாசம் மட்டும் ஞாபகம் வைங்க, பிஜி பையன் ஏதோ ஒரு கோர்ஸ் எடுத்தே ஆகணும்னு ஆன்டாலஜில இருந்தா, நேத்து சேந்து இன்னும் எந்த கோர்ஸும் பதியாதவனையும் ஹெர்மிட் ஸ்டூடண்ட்னு சொல்லும், பேர் தெரியாத ஒரு கோர்ஸ் இருக்குன்னு எடுத்துக்கும். ஆர்எல் அப்படி கற்பன பண்ணாது, பதிவு வர்ற வரைக்கும் அவன் ஸ்டூடண்ட் இல்ல. எல்யுபிஎம் டேட்டால எல்லாருக்கும் கோர்ஸ் எழுதியே குடுத்துருப்பாங்க, அதனால அங்க இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, ஜூன் மாசம் உங்க காலேஜ்லதான் தெரியும். தாத்தாவோட போஸ்ட்கிரெஸ் ஏற்கனவே இருந்தா ஆன்டாப் மாதிரி ஒன்ன மேல வச்சு டேட்டாவ நகத்தாமலே கேள்வி கேக்கலாம், ஆனா அது ஓடுற க்யூஎல்ங்கிற இன்னொரு சுருக்க வடிவத்துல ட்ரான்சிட்டிவ் கெடையாது.

கோடுகிறுக்கன் | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு, மாலை 6:10

இழைய தூசி தட்டுறேன், மன்னிக்கவும்.

எக்ஸாம்செல்மாமா சொன்ன மாதிரி எங்க காலேஜ் எக்ஸாம் செல்ல நாலு நாள் ஒக்காந்தேன், டீ நல்லா இருந்துச்சு. யூனிவ்-பெஞ்ச்ல இருந்து கோர்ஸ், டிபார்ட்மெண்ட் மாதிரி ஒரு பன்னெண்டு கிளாஸ்தான் மிஞ்சுச்சு. சேர்க்கை, பதவிக்காலம், அஃபிலியேஷன், பரீட்சப்பதிவு நாலும் புதுசு. மெக்கானிக்கல் மேடமும் சாரும் இப்ப வேற வேற ஆளு. கம்பெனிக்காரரு கம்பெனிக்காரராவே இருக்காரு.

ஷேக்கிள் ஓட்டுன அன்னிக்கு 212 தப்பு வந்துச்சு, பாதிக்கு மேல டிகிரி-ஃப்ரம்ல காலேஜ் பேர். ஸ்டாஃப் ஒவ்வொருத்தரையும் போய் "உங்க சர்டிபிகேட்ல யூனிவர்சிட்டி பேர் என்ன போட்டுருக்கு"ன்னு கேட்டேன், ரெண்டு பேரு வீட்டுக்கு ஃபோன் பண்ணி பீரோவ தொறக்க சொன்னாங்க. ஒரு சாரு யுஜி முடிச்சது 1998, பாரதியார். அவரு எங்க காலேஜ் வெப்சைட்ல பல வருஷமா அண்ணா யூனிவர்சிட்டின்னு இருந்துருக்காரு.

முக்கியமான விஷயம், 84, 79, 91 இருக்குல்ல. மூணுமே சரிதான்! 91 சம்பளப் பட்டியல்ல டீச்சிங் கணக்குல இருக்குறவங்க, அதுல லைப்ரரியனும் பிடி சாரும் உண்டு. 84 யூனிவர்சிட்டி அப்ரூவல் வாங்குனவங்க. 79 இந்த செமஸ்டர்ல டைம் டேபிள்ல பேர் இருக்குறவங்க, மெட்டர்னிட்டி லீவ்ல ரெண்டு மேடம், பிஹெச்டி லீவ்ல மூணு பேர் அதுல வர மாட்டாங்க. மூணுக்கும் மூணு கிளாஸ், மூணு பேர் வச்சுட்டேன், இப்ப கேட்டா ஒவ்வொன்னுக்கும் ஏன்னு விளக்கமும் குடுக்குது.

டேபிள்தாத்தா | ஞாயிறு, மாலை 6:31

சபாஷ். மேனேஜ்மெண்ட் என்ன சொன்னாங்க?

கோடுகிறுக்கன் | ஞாயிறு, மாலை 6:33

முழுசா கேட்டாங்க தாத்தா, தலையெல்லாம் ஆட்டுனாங்க. கடைசில "அப்ப 91-ஏ போட்டுருங்க"ன்னாங்க.

எக்ஸாம்செல்மாமா | ஞாயிறு, மாலை 6:50

😂😂 இதுக்கு எந்த ரீசனரும் வேணாம்

ஃபைனல்இயர்புலி | ஞாயிறு, இரவு 7:15

அண்ணா அந்த ஓடபிள்யூஎல் ஃபைல் கெடைக்குமா, ஃபைனல் வைவா மட்டும் பாக்கி

கோடுகிறுக்கன் | ஞாயிறு, இரவு 7:40

ஆளுங்க பேரெல்லாம் எடுத்துட்டு அடுத்த வாரம் போடுறேன். ஆனா வைவால "ரேஞ்ச்னா என்ன"ன்னு கேட்டா வாட்ச்மேன்னு மட்டும் சொல்லிராத.